சாமி அலமாரியில் ஒரு கண்ணாடித் தவளை

1

போன சனிக்கிழமை, நான் வேலை பார்க்கும் பூக்கடையில் ஒரு வாடிக்கையாளரின் கையில் அடித்துவிட்டேன். கடை முழுக்கக் கேட்கும்படி அடித்துவிட்டேன். அந்த அம்மாள் அறுபதைத் தாண்டியவர், பரம சாது. தன் வீட்டுத் தொட்டியில் பூத்த இளஞ்சிவப்புக் கொத்து ஒன்றைக் கொண்டுவந்து கண்ணாடிக் கிண்ணத்தில் செருகப் போனார், அவ்வளவுதான் அவர் செய்தது. இந்த ஊரில் ஒருவர்மேல் ஒருவர் தெரியாமல் உரசிக்கொண்டாலே இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்பார்கள். நானோ அடித்ததும் இல்லாமல் தமிழில் வேறு கத்தியிருக்கிறேன்: "ஐயோ, அரளி! அதை வெக்காதீங்க!"

கடை டொராண்டோவுக்கு மேற்கே இருக்கிறது. முதலாளியம்மாள் ஹென்னி, டச்சுக்காரி. சனிக்கிழமைகளில் கடையின் பின்னறையில் பூ அடுக்கும் வகுப்பு நடத்துகிறாள். நான் கத்தரிக்கோலும் வாளியுமாக உதவிக்கு நிற்பேன். மற்ற நாட்களில் நாங்கள் பூ அடுக்குவது ஃபோம் என்ற பஞ்சுக்கட்டியில். பச்சை நிறத்தில் செங்கல் அளவு இருக்கும். தண்ணீரில் போட்டால் குடித்துக்கொண்டே மூழ்கும். காம்பை எந்தப் பக்கம் சாய்த்துச் செருகினாலும் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதன் தூள் நகத்திடுக்கில் ஏறும், மூக்கில் ஏறும், குப்பையில் போட்டாலும் மக்காது. சில வாடிக்கையாளர்களுக்கு அது பிடிக்காமல் போய், பழைய காலத்துக் கண்ணாடித் தவளைகளைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்குத்தான் சனிக்கிழமை வகுப்பு.

தவளை என்றதும் பயப்பட வேண்டாம். கையடக்கமான கனத்த கண்ணாடிக் கட்டி. அடி தட்டை, மேல்பக்கம் இட்லி மாதிரி உப்பல், அந்த உப்பலில் விரல் நுனி நுழையும்படி துளைகள். கிண்ணத்தின் அடியில் அதை உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றி, துளைக்கு ஒன்றாகக் காம்பை நிறுத்த வேண்டும். தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் தவளை என்று பெயர் வந்திருக்கலாம் என்கிறாள் ஹென்னி. அவளுக்கும் நிச்சயமாகத் தெரியாது.

நான் அடித்த அன்று என்னைத் தனியே அழைத்துப் போய், "நன்றாக இருக்கிறாயா?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது? இங்கிலீஷில் சொல்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. உங்களுக்கென்றால் செம்பாக்கத்திலிருந்து தொடங்கினால் போதும்.

2

எங்கள் வீடு சென்னையில் தாம்பரத்துக்குப் பக்கத்துச் செம்பாக்கத்தில், ஏரிக்குப் போகிற தெருவில் இருக்கிறது. அப்பா ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டாள். எண்பதுகளின் தொடக்கத்தில், அப்பாவோடு வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய ரயில் கார்டு ஒருவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுச் சாமான்கள் விற்பனைக்கு வந்தன. அப்பா ஒரு மர அலமாரி வாங்கினார். அதன் கீழ்த்தட்டில் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு கண்ணாடிக் கட்டி கிடந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வீட்டு அம்மாள் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

அப்பா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "ஊதுபத்தி ஸ்டாண்டு."

"அவங்க வீட்ல எதுக்குப்பா ஊதுபத்தி?" என்று என் தம்பி சேகர் கேட்டான்.

"பின்ன எதுக்குடா இத்தனை ஓட்டை?"

அத்தோடு அந்த மர அலமாரி சாமி அலமாரி ஆனது, கண்ணாடிக் கட்டி ஊதுபத்தி ஸ்டாண்டு ஆனது. வெள்ளிக்கிழமை என்றால் எல்லாத் துளைகளிலும் பத்தி புகையும். சாம்பல் விழுந்து விழுந்து கண்ணாடியே கறுத்துப்போனது. முழுப்பரீட்சை எழுதப் போகும்போது அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவான் சேகர். ஒருமுறைகூட ஃபெயில் ஆகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

காலையில் அப்பா குளித்துவிட்டு வந்து, பித்தளைச் சொம்பில் தண்ணீர் பிடித்து இரண்டு துளசி இலை போட்டு சாமி முன்னால் வைப்பார். கற்பூரம் காட்டி முடித்ததும் வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் உத்தரணிக் கரண்டியால் தீர்த்தம் கொடுப்பார். மீதியைக் கொல்லையில் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவார். என் மகள் அபிராமி பிறந்து வளர்ந்தது அந்த வீட்டில்தான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வரிசையில் முதலில் நிற்பாள். வலது உள்ளங்கையைக் குழித்து, ஆள்காட்டி விரலை மடக்கி, இடது கையை அடியில் கொடுத்து, உதடு சத்தம் போடாமல் உறிஞ்சி, ஈரக்கையை உச்சந்தலையில் துடைத்துக்கொள்ள வேண்டும் என்று நான்தான் கையைப் பிடித்துப் பழக்கினேன். அவள் துடைத்துக்கொள்ளும் வேகத்தில் முன்முடி எல்லாம் நனைந்துவிடும். அவளுக்கு ஐந்து வயதாகும்போது நாங்கள் கனடா வந்துவிட்டோம்.

3

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு என்ன குறை என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு வந்த நாளிலிருந்து பயம்தான் குறை. தபாலில் அரசாங்கப் பழுப்பு உறை வந்தால் பயம். குடியுரிமை அலுவலகத்தில் என் பெயரையும் என் அப்பா பெயரையும் மாற்றிப் பதிந்துவிட்டு, "இதில் எது நீங்கள்?" என்று கேட்டார்கள். அதைச் சரிசெய்ய அலைந்த மாதங்களில் நானே யார் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் மனதில் அப்பாவுக்குக் கொள்ளியே வைத்துவிடுவேன். எல்லாப் பயத்தையும் ஒரு தட்டில் வைத்தால், அபியைப் பற்றி எனக்கிருந்த பயம் மறுதட்டைத் தரையில் இறக்கிவிடும்.

பன்னிரண்டு வயதுவரை அவள் என் குழந்தை. அதற்குப் பிறகு அறைக்கதவைச் சாத்தத் தொடங்கினாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில், அதுவும் ஒரு வார்த்தையில். முடியைத் தோளுக்கு மேலே வெட்டிக்கொண்டு வந்தாள். சாமி கும்பிட வா என்றால் ஹோம்வொர்க் இருக்கும். ஒருநாள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஆசிரியை என்னை உட்காரவைத்து, உங்கள் பெண் 'வித்ட்ரான்' ஆக இருக்கிறாள் என்றார். பள்ளியைவிட்டே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்து நான் அழுதுவிட்டேன். அவர் பதறிப்போய், யாரிடமும் பேசாமல் தனக்குள்ளேயே இருக்கிறாள் என்றுதான் சொன்னேன் என்று விளக்கினார். அழுகை நின்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இரண்டில் எது மேல் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அன்றிலிருந்து அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே நின்று காதுகொடுத்துக் கேட்பது என் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஹென்னியின் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஒருநாள் அவள் ஒரு பெட்டியைத் திறந்து, பழைய கண்ணாடித் தவளை ஒன்றைக் கையில் எடுத்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வீட்டு ஊதுபத்தி ஸ்டாண்டு! ஹென்னி அதைக் கிண்ணத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றி, நடுத்துளையில் உயரமான காம்பு ஒன்று, சுற்றி அதைவிடக் குட்டையாக ஐந்தாறு, ஓரத்தில் இலை என்று நிறுத்தினாள். ஃபோமில் நாம் வளைத்தபடி பூ வளையும். தவளையில் துளை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பூ நிற்கும். தண்ணீர் கடைசிவரை தெளிவாகத் தெரியும். அழுக்கானால் மாற்றிவிடலாம். ஊருக்குப் போனால் இதைச் செய்து காட்டி அப்பாவை அசத்த வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

4

தொண்ணூற்று நான்கு ஜூலையில், ஒன்பது வருடம் கழித்து, அபியும் நானும் ஊருக்குப் போனோம். அவளுக்குப் பதினான்கு வயது. என் கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

போவதற்கு முன்பே தண்ணீரைப் பற்றி அவளுக்கு மந்திரம் ஓதுவது மாதிரி ஓதியிருந்தேன். காய்ச்சாத தண்ணீர் உதட்டில் படக்கூடாது. பல் தேய்க்கவும் காய்ச்சிய தண்ணீர்தான். கல்யாண வீட்டில், கோயிலில், யார் வீட்டில் கொடுத்தாலும் தொடக்கூடாது. அவளும் பாட்டிலை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டே திரிந்தாள்.

முதல் நாள் காலை அப்பா தீர்த்தச் சொம்போடு வந்தார். பேத்தியைப் பார்த்த பூரிப்பில் அவளிடம்தான் முதலில் உத்தரணியை நீட்டினார். அபி உத்தரணியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கேட்டாள்: "தாத்தா, இஸ் இட் பாய்ல்டு?"

சேகரும் அவன் மனைவி மல்லிகாவும் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் உத்தரணியை மெல்லச் சொம்புக்குள் திருப்பிவிட்டார். மறுநாளிலிருந்து எல்லோருக்கும் கொடுப்பார், அபியைத் தாண்டிப் போய்விடுவார். அவள் வாசற்படியில் வாக்மேன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்பது வருடத்தில் என் பிள்ளை எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது நான் சொல்லிக்கொடுத்த கேள்வி என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

வந்து ஒரு வாரம் ஆனதும் அப்பாவை அசத்தும் வேலையில் இறங்கினேன். கண்ணாடித் தவளையைப் புளி போட்டுத் தேய்த்தேன், துளைக்குத் துளை துடைப்பக்குச்சி விட்டுக் குடைந்தேன். அத்தனை வருடத்துச் சாம்பலும் கழன்றது. கண்ணாடி வெளிர் பச்சை என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"இது பூ வெக்கிறதா?" என்றார் அப்பா. "நான் இத்தனை நாளா சாமிக்குப் பொய் சொல்லிக்கிட்டு இருந்தேனா?"

பூவுக்குத் தெருவில் இறங்கிப் பார்த்தேன். கடையில் உதிரியாகத்தான் கிடைக்கும், காம்பு இருக்காது. எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டிச் செவ்வரளி பூத்துக் குலுங்கியது. நீளக் காம்பு, நிமிர்ந்த கொத்து, தவளைக்கென்றே வளர்ந்த மாதிரி இருந்தது. அபி பக்கத்தில் நின்று நான் வெட்டுவதைப் பார்த்தாள். இது என்ன பூ என்று கேட்டாள். அவளாக என்னிடம் கேள்வி கேட்டே வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் தேவைக்கு மேலே பேசிவிட்டேன்.

"அரளி. இதோட விதையைச் சாப்பிட்டா ஆள் க்ளோஸ். இந்த ஊர் சினிமால யாராவது சாகணும்னா இதைத்தான் அரைப்பாங்க."

"தென் வொய் ஆர் யூ டச்சிங் இட்?"

"விதைதாண்டி விஷம். பூவுக்கு ஒண்ணும் இல்ல. கோயில்ல சாமிக்கே மாலை கட்டிப் போடறோம், பாத்ததில்ல?"

அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, தவளையை உட்காரவைத்து, நடுவில் உயரமாக ஒரு கொத்து, சுற்றிலும் குட்டையாக, ஓரத்தில் கொஞ்சம் துளசி என்று அடுக்கினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. எங்கே வைப்பது என்று யோசிக்கவே இல்லை. அது பல வருடம் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, சாமி படங்களுக்கு முன்னால் வைத்தேன்.

5

இரண்டு நாள் கழித்து, முற்பகலில், மல்லிகாவும் நானும் கேம்ப் ரோடு பக்கம் துணி எடுக்கப் போய்விட்டுத் திரும்பினோம். சேகர் வேலைக்குப் போயிருந்தான். அப்பா பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தார். அபியைத் தனியாக வீட்டில் விட்டிருந்தோம். உள்ளே நுழையும்போதே கொல்லையில் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.

துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள் அபி. முகம் வெளுத்து, உதடு காய்ந்து, உச்சியில் முடி கொஞ்சம் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. வேர்வை என்று நினைத்தேன்.

"என்னடி சாப்பிட்ட?"

"நத்திங். ஜஸ்ட் வாட்டர்."

"எந்தத் தண்ணி? காய்ச்சினதுதானே?"

 அவள் கையை நீட்டி வீட்டுக்குள் காட்டினாள். அவள் காட்டிய பக்கம் சாமி அலமாரி இருந்தது. அதில் இருந்த ஒரே தண்ணீர் என்னுடைய கிண்ணம். அப்பா வழக்கம்போல் சொம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

மல்லிகாதான் முதலில் அலறினாள். "அய்யய்யோ அண்ணி, அது அரளித் தண்ணி! காம்புப் பாலெல்லாம் அதுல இறங்கியிருக்கும்!"

அவள் தெருவில் ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி முதலில் கண்ணில் பட்ட கிளினிக்கில் தூக்கிக்கொண்டு போய் இறங்கினோம். அரளி என்ற வார்த்தையைக் கேட்டதும் அங்கிருந்த நர்ஸ் கதவிலேயே கையை வைத்து மறித்தார். "இது போலீஸ் கேஸ். நாங்க தொடக்கூடாது. வெஸ்ட் தாம்பரத்துக்குப் போங்க, பெரிய ஆஸ்பத்திரி." எவ்வளவு கெஞ்சியும் கதவு நகரவில்லை.

மறுபடி ஆட்டோ. தாம்பரம் வந்தபோது ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் பஸ், லாரி, மாட்டுவண்டி, சைக்கிள் என்று அடைத்துக்கொண்டு நின்றது. அபி என் மடியில் கிடந்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். நாடி விட்டு விட்டு அடிப்பது போல் இருந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

"அண்ணா, வேற வழி இல்லியா? சீக்கிரம் போகணும் அண்ணா!"

"கேட்டு போட்டுக்கீறான், நா இன்னாம்மா பண்ணுவேன்? குட்ஸு வண்டி, நீட்டா வந்துகினு கீது." ஆட்டோக்காரர் திரும்பி அபியைப் பார்த்தார். "பாப்பாவுக்கு இன்னாம்மா ஆச்சு?"

சொன்னேன்.

அவர் இன்ஜினை அணைத்தார். பிறகு, "பேஜாராவாதம்மா. நம்ம வண்டில ஏறினவங்க அல்லாரும் திரும்பி வூட்டுக்குத்தான் போய்க்கீறாங்க" என்றார். சொல்லிவிட்டு இறங்கி, முன்னால் நின்ற வண்டிகளிடம் கத்தி, ஏசி, கெஞ்சி, கேட் திறந்ததும் எங்கள் ஆட்டோ முதலில் போகும்படி வழி வாங்கிவிட்டார். அந்த மனிதர் பெயரைக்கூடக் கேட்காமல் இறங்கி ஓடினேன் என்பது இப்போதும் உறுத்துகிறது.

6

டியூட்டி டாக்டர் இளைஞர். அரளி என்று நாங்கள் சொன்னதும், அபியை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போதே கேட்டார்: "எத்தனை விதை?"

"விதை இல்ல டாக்டர். பூ வெச்சிருந்த தண்ணி. தெரியாம குடிச்சிட்டா."

"எந்த ஊரு நீங்க?"

"கனடா. சொந்த ஊரு செம்பாக்கம்."

"கனடாலேர்ந்து வந்த பொண்ணு பூ வெச்ச தண்ணியத் தெரியாம குடிச்சாளா? இடுப்புல மினரல் வாட்டர் பாட்டில் தொங்குது?"

கதவு சாத்தப்பட்டது. வயிற்றைக் கழுவினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டர் கேட்ட கேள்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. பல் தேய்க்கவும் காய்ச்சிய தண்ணீர் கேட்கிற பெண், அந்தக் கிண்ணத்தில் போய் ஏன் வாய் வைத்தாள்? சாமி அலமாரிப் பக்கமே வராதவளுக்கு அங்கே என்ன வேலை? வீட்டில் எல்லோரும் வெளியே போகும்வரை ஏன் காத்திருந்தாள்? யாரிடமும் பேசாமல் தனக்குள்ளேயே இருக்கிறாள் என்று அந்த ஆசிரியை சொன்னார். அரளி என்றால் என்ன, அதை வைத்து என்ன செய்வார்கள் என்று இரண்டு நாள் முன்னால் அவளுக்கு விளக்கிச் சொன்னது யார்? நான். விஷத்தைக் காட்டிக் கொடுத்து, பெயர் சொல்லி, தண்ணீரில் போட்டு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறேன். என் மகள் தெரிந்தே குடித்தாளா?  அவள் சாகக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வேண்டுமென்றே செய்திருக்கக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சாமி கோபித்துக்கொள்ளுமோ என்றுகூட அந்த நேரத்தில் பயந்தேன்.

பிற்பகலில் அப்பாவும் சேகரும் வந்து சேர்ந்தார்கள். நாடி மெதுவாக இருக்கிறது, இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும், ஆனால் பயமில்லை என்று டாக்டர் சொன்னார். நாங்கள் உள்ளே போய்க் கட்டிலைச் சுற்றி நின்ற கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரிப் போலீஸ் ஏட்டு வந்துவிட்டார். கழுத்தில் துண்டு, கையில் அட்டை வைத்த தாள்.

"பேரு?"

"அபிராமி சார்" என்றேன்.

"நீங்க சொல்லாதீங்கம்மா. பொண்ணு சொல்லட்டும்." அபியைப் பார்த்துக் குரலைக் கொஞ்சம் தணித்தார். "லவ் கிவ் ஏதாவதா பாப்பா? வூட்ல திட்டினாங்களா?"

அபிக்குப் பாதி புரியவில்லை. தொண்டையில் குழாய் விட்டதில் பேச்சும் வரவில்லை.

"சார், தெரியாம குடிச்சிட்டா சார்" என்றான் சேகர்.

"அல்லாரும் அதான் சார் சொல்றீங்க. அரளியத் தெரியாம யார் சார் குடிக்கிறாங்க? நாளைக்கு ஒண்ணுன்னா என்னைத்தான் கேப்பாங்க. ஃபாரின் பாஸ்போர்ட்டுன்றீங்க, கமிஷனர் ஆபீஸுக்கு வேற ரிப்போர்ட் போவணும். தற்கொலை முயற்சின்னா ஊருக்குத் திரும்பறது எல்லாம் அப்புறம்தான்." பேனாவைத் திறந்தார். "சொல்லு பாப்பா. எவ்ளோ குடிச்ச? கிளாஸ்லயா, அப்படியே தூக்கியா?"

அபி என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு, ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்த வலது கையை மெல்லத் தூக்கினாள். உள்ளங்கையைக் குழித்தாள். ஆள்காட்டி விரல் தானாக மடங்கியது. இடது கையை அடியில் கொடுத்தாள். உதட்டருகே கொண்டுபோய்ச் சத்தமில்லாமல் உறிஞ்சுவதுபோல் காட்டினாள். பிறகு அந்தக் கையை உச்சந்தலையில் வைத்து, முன்முடி கலையும்படி துடைத்துக்கொண்டாள்.

கொல்லையில் நான் வேர்வை என்று நினைத்த ஈரம் அந்த இடத்தில்தான் இருந்தது.

ஏட்டு பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "தீர்த்தமா?" என்றார். "சாமி முன்னாடி இருந்துச்சுன்னு தீர்த்தம்னு எடுத்துக்கினியா?"

அபி தலையாட்டினாள். உடைந்த குரலில், ஐந்து வயதில் விட்டுவிட்டுப் போன தமிழில் சொன்னாள்: "தாத்தா எனக்குக் குடுக்கவே இல்ல. தினம் எல்லாருக்கும் குடுத்தாரு. நான் சும்மாதான் கேட்டேன், காய்ச்சினதான்னு. அம்மா கேக்கச் சொன்னா. அப்புறம் எனக்கு வேணும்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுல துளசி இருந்துச்சு."

அப்பா கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது மனிதர், இத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதார். நானும் அழுதேன். ஏட்டு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'தவறுதலாக' என்று எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, அடுப்படியில் பித்தளைச் சொம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா இடுக்கியால் இறக்கி, விசிறி ஆறவைத்து, துளசி போட்டு, சாமிக்குக் காட்டிவிட்டு நேராக அபியிடம் வந்தார். "காய்ச்சினதுதாண்டா கண்ணு" என்றார். அவள் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

7

தவளையை நான் கனடாவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்பாதான், அது இனி இந்த வீட்டில் வேண்டாம் என்று சொல்லி ஒரு வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஸ்கேனரில் பார்த்த அதிகாரி வெளியே எடுக்கச் சொன்னார். இது என்னம்மா என்று கேட்டார். ஊதுபத்தி ஸ்டாண்டு என்றேன். அவர் தலையாட்டி அனுப்பிவிட்டார்.

இப்போது அது எங்கள் வீட்டு சாமி ஷெல்ஃபில், கிண்ணத்துக்குள் தண்ணீரில் இருக்கிறது. கடைப்பூ எதுவும் அதில் வைப்பதில்லை. கடைப்பூவில் என்னென்ன மருந்து அடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கோடையில் என் தொட்டியில் பூக்கும் ரோஜாவும் சாமந்தியும் வைக்கிறேன். குளிர்காலத்தில் பூவுக்கு எங்கே போவது? ஜன்னலோரத் துளசி, புதினா, கடைசியில் கொத்தமல்லி. ஒருமுறை வீட்டுக்கு வந்த ஹென்னி, பூக்கடையில் வேலை செய்கிறவள் வீட்டில் கொத்தமல்லியை உயரவாரியாக அடுக்கி வைத்திருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை சொல்லத்தான் வேண்டும். கை வலிக்க அடிபட்ட அந்த அம்மாளிடமும் சொல்ல வேண்டும்.

அந்தத் தண்ணீரைக் குடிக்காதே என்று நான் அபியிடம் சொன்னதே இல்லை. தினமும் காய்ச்சி, ஆறவைத்து ஊற்றுகிறேன். இலையை அடுக்கி முடித்ததும் ஒரு வாய் நான் குடித்துப் பார்க்கிறேன். பிறகுதான் ஷெல்ஃபில் வைப்பேன். பரீட்சை நாட்களில், வேறு சில நாட்களிலும், மாலையில் வந்து பார்த்தால் தண்ணீர் ஒரு உள்ளங்கை அளவு குறைந்திருக்கும். நான் எதுவும் கேட்பதில்லை. அவளும் எதுவும் சொல்வதில்லை. கதவு இன்னும் சாத்தித்தான் இருக்கிறது.

அவளுக்குப் பதினேழு வயதாகிவிட்டது. செப்டம்பரில் வேறு ஊருக்குப் படிக்கப் போகிறாள், ரயிலில் அரை நாள் தூரம். பெட்டியில் என்னென்ன எடுத்துப்போகிறாய் என்று நேற்றுக் கேட்டேன். தோளைக் குலுக்கினாள். பிறகு அறைக்குள் போகிற வழியில் திரும்பிப் பார்க்காமல், "மா, அந்தத் தவளைய நான் எடுத்துக்கவா?" என்றாள்.

எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அங்கே அவள் எந்தப் பூவை வைப்பாள், அவள் குடிப்பதற்கு முன்னால் யார் ஒரு வாய் குடித்துப் பார்ப்பார்கள் என்று யோசித்தபடி இன்று காலையிலிருந்து இந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.